சொரசொரப்பான வெள்ளி செய்த விந்தை

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் கலைக்கூடத்தில் ஏறத்தாழ 4000 ஆண்டுப் பழமையான எகிப்தியத் தோல் துண்டு ஒன்று உள்ளது. அதன் சிவப்புச் சாயம் எது? சோதிப்பதற்காக அதைச் சுரண்டிச் சேதப்படுத்த யார்தான் சம்மதிப்பார்கள்? கண்ணுக்குத் தெரியாத துணுக்கு ஒன்றே போதும் என்கிறது நாம் இங்கே காணப்போகும் முறை.

ஒற்றை நிற ஒளி ஒரு பொருளின் மீது பட்டுச் சிதறும்போது, அதில் மிகச் சிறு பகுதி மூலக்கூறின் அதிர்வுகளோடு ஆற்றலைப் பரிமாறிக்கொண்டு நிறம் மாறி வெளிவருகிறது. 1928-இல் கல்கத்தாவில் சி. வி. இராமனும் கே. எஸ். கிருஷ்ணனும் கண்டது இதைத்தான். மூலக்கூறுக்கு மூலக்கூறு அதிர்வுகள் வேறுபடும். ஆகவே இராமன் நிறமாலையைக் கைரேகைக்கு ஒப்பிடலாம். ஆனால் சிதறும் ஒளித்துகள்களில் ஏறத்தாழக் கோடிக்கு ஒன்றே இவ்வாறு நிறம் மாறுகிறது. பொருள் சிறிதளவே இருந்தால் ரேகை கண்ணில் படாது.

1974-இல் இங்கிலாந்தில், சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில், ஃபிளைஷ்மன், ஹெண்ட்ரா, மெக்குவில்லன் மூவரும் வெள்ளி மின்வாய் மீது ஒட்டிய பிரிடின் என்னும் பொருளை ஆராய்ந்தனர். மின்சாரத்தால் வெள்ளியைத் திரும்பத் திரும்பக் கரைத்துப் படியவைத்துச் சொரசொரப்பாக்கினார்கள். பரப்பு கூடினால் ஒட்டும் மூலக்கூறுகளும் கூடும் அல்லவா? அவர்கள் நினைத்தபடியே நிறமாலை பளிச்சென்று கிடைத்தது.

காரணம் மட்டும் அதுவல்ல! 1977-இல் அமெரிக்காவில் ஜான்மேர், வான் டைன் இருவரும், இங்கிலாந்தில் ஆல்பிரெக்ட், கிரைட்டன் இருவரும் தனித்தனியே கணக்குப் பார்த்தனர். ஒவ்வொரு மூலக்கூறும் வழக்கத்தைவிட இலட்சம் மடங்கு வலுவாக ஒளியைச் சிதறடித்துக்கொண்டிருந்தது. பரப்பைக் காட்டி இதற்குச் சமாதானம் சொல்ல முடியாது.

உலோகத்தில் கட்டற்றுத் திரியும் எலெக்ட்ரான்கள் உண்டு. சில பத்து நானோமீட்டர் அளவுள்ள மேடுகளின் மீது தக்க நிறமுள்ள ஒளி படும்போது, அவை ஒன்றுசேர்ந்து ஊசலாடுகின்றன. சரியான தருணத்தில் தள்ளிய ஊஞ்சல் உயர எழுவதை நினைத்துக்கொள்ளுங்கள். மேட்டருகே மின்புலம் 10 மடங்கானால், மூலக்கூறின் மீது விழும் ஒளியின் செறிவு 100 மடங்காகும். சிதறி வெளியேறும் ஒளியையும் அதே மேடு மீண்டும் ஏறத்தாழ 100 மடங்கு பெருக்கும். ஆக 10,000 மடங்கு! இரு துணுக்குகளுக்கு இடையிலுள்ள இடுக்கில் பெருக்கம் இன்னும் அதிகம். வெள்ளி, பொன், தாமிரம் ஆகியவற்றுக்கே இந்த யோகம். இரும்பைச் சொரசொரப்பாக்கினால் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் நடப்பதில்லை. 1997-இல் இரு குழுவினர் ஒற்றை மூலக்கூறின் நிறமாலையையே பதிவு செய்துவிட்டனர்.

தோல் துண்டின் விடை 2009-இல் வெளியாயிற்று. அது நம் ஊர் மஞ்சிட்டியின் இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் வேர்ச்சாயம். சாதாரண இராமன் முறையில் சாயம் தானே ஒளிர்ந்து ரேகையை மறைத்துவிடும். வெள்ளித் துகள்கள் அந்த ஒளிர்வையும் அடக்கிவிடுகின்றன.

ஒரு தொல்லை மட்டும் இன்னும் தீரவில்லை. ஒரே கையால் செய்த இரு வெள்ளித் தகடுகள்கூட ஒரே அளவு பெருக்கத்தைத் தருவதில்லை. 'இருக்கிறதா?' என்ற கேள்விக்குச் சட்டென விடை சொல்லும் இம்முறை, 'எவ்வளவு?' என்று கேட்டால் சற்றுத் தயங்குகிறது.