அதிர்ச்சிக்குத் தாங்கும் வீடு

மைசூர் மைன்ஸ்: தங்கவயல்வாசிகளுக்கு நில அதிர்ச்சி புதிதல்ல. 3 கிலோமீட்டருக்கும் அதிக ஆழம் வரை தாது வெட்டிய சுரங்கங்களில், பாரம் தாங்காமல் பாறை திடீரென வெடிக்கும். இதுவே ‘ராக் பர்ஸ்ட்’. அந்த அதிர்ச்சியில் மேலே உள்ள வீட்டுச் சுவர்களும் விரிசல் கண்டதுண்டு. 2001-ல் சுரங்கங்கள் மூடப்பட்டு, உள்ளே நீர் ஏறிய பிறகும் அதிர்வுகள் அடியோடு நிற்கவில்லை.

அதிர்ச்சியில் சுவர்கள் மூலையில் பிரிந்தால் வீடு சாயும். எனவே அஸ்திவாரத்தின் மேலும், லிண்டல் மட்டத்திலும், கம்பி வைத்த கான்கிரீட் பட்டை அறுபடாமல் எல்லாச் சுவர்களையும் சுற்றி வரவேண்டும் என்கின்றன இந்திய தர நிர்ணய அமைவனத்தின் விதிகள்.

பழைய வீட்டை இடிக்க வேண்டியதில்லை. லிண்டலுக்கு மேல் பூச்சைச் சுரண்டி, சுவரின் இருபுறமும் கம்பி வலை அடித்து, இரு வலைகளையும் சுவர் வழியே கம்பியால் பிணைத்துச் சிமெண்டு பூசினால் அதுவே பட்டையாகும். கூரைச் சட்டங்களைச் சுவரோடு போல்ட் போட்டு இறுக்க வேண்டும். இடம் போதவில்லையென்று மூலையை ஒட்டிப் புது வாசல் வெட்டலாகாது.

வீட்டில் பூச்சு வேலை நடக்கும்போதே மேஸ்திரியிடம் சொல்லி இவற்றையும் முடித்துக்கொள்வது நலம். விரிசலை மட்டும் பூசி மறைப்பதால் பயனில்லை.