மானும் மாங்கன்றும்

சத்தியமங்கலம் மலையடிவாரம் போன்ற காட்டோரக் கிராமங்களில், வீட்டுக் கொல்லையில் மா, கொய்யா முதலியன வைப்போர்க்குப் புள்ளிமானால் இருவகை நஷ்டம் நேர்கின்றது. ஒன்று, தளிரை மேய்தல். மேய்ந்த கன்று மீண்டும் துளிர்க்கக்கூடும். மற்றொன்று, ஆண்மான் தன் கொம்பின் மேல்தோலை உரிக்கும்பொருட்டுத் தண்டில் உராய்தல். பட்டை சுற்றிலும் உரிந்த கன்று பிழைப்பதரிது. இலையில் உண்டாகும் உணவு வேருக்கு இறங்கும் வழி பட்டையேயாம்.

ஆகையால் ஒவ்வொரு கன்றுக்கும் 6 அடி உயர மூங்கிற் கூண்டு வேண்டும். மான் கழுத்தை நீட்டினும் எட்டாதபடி, கூண்டு கன்றுக்கு 2 அடி தள்ளி நிற்கவேண்டும்.

கன்றுகள் பலவாயின் கொல்லையையே அடைப்பது நலம். இங்கேதான் கூட்டுறவு பயன்படுகின்றது. 100 அடிச் சதுரக் கொல்லைக்கு வேலி 400 அடி. அடுத்தடுத்த நான்கு கொல்லைகளைத் தனித்தனியே அடைத்தால் 1,600 அடி. நால்வரும் சேர்ந்து ஒரே சதுரமாக அடைத்தால் 800 அடியே. செலவு பாதியாகும்.

முள்வேலியையொட்டி, மழைக்கு முன் கிளுவைப் போத்துகளை நெருக்கமாக ஊன்றுக. முள் மக்குவதற்குள் உயிர்வேலி எழும்பிவிடும். அடியில் சந்து விடலாகாது. ஒருவர் பங்கிற் சந்து இருப்பின் நால்வர் கன்றும் போம். ஆதலால் அங்கத்தினர் முறைவைத்து வாரந்தோறும் வேலியைச் சுற்றிப் பார்த்தல் அவசியம்.

வேலியில் வீட்டு மின்சாரத்தைப் பாய்ச்சுவது மனிதரையும் கொல்லும், அது குற்றமுமாகும். மானைக் கொல்வதும் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி தண்டனைக்குரியது.