வேலைக்கும் விளையாட்டுக்கும் ஒரே மடிக்கணினி

திருவாலங்காட்டிலிருந்து சென்னைக்கு மின்சார ரயிலில் தினமும் வேலைக்குச் செல்பவர் மடிக்கணினி வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது எடை. 14 அங்குலத் திரையுடன் 1.5 கிலோவுக்குள் இருந்தால் நெரிசலில் நின்றபடி வந்தாலும் தோள் தாங்கும். தனி கிராபிக்ஸ் சிப் கொண்ட கேமிங் மாடல்கள் பெரும்பாலும் 2 கிலோவைத் தாண்டும். கனமான சார்ஜர் வேறு.

எப்போதாவது கிரிக்கெட்டோ கால்பந்தோ ஆடுபவருக்கு அந்தச் சுமை தேவையே இல்லை. பிராசஸருக்குள்ளேயே அமைந்த ஏஎம்டி ரேடியான் 780எம், இன்டெல் ஆர்க் போன்ற கிராபிக்ஸ், பழைய விளையாட்டுகளையும் வேலரண்ட் போன்ற இலகுவானவற்றையும் நன்றாகவே ஓட்டிவிடும். ஆனால் இவற்றுக்குத் தனி நினைவகம் கிடையாது. கணினியின் ரேமிலிருந்தே பங்கு எடுத்துக்கொள்கின்றன. எனவே 8 ஜிபி போதாது, 16 ஜிபி அவசியம். அதுவும் ஒரே அட்டையாக இல்லாமல் இரண்டு 8 ஜிபி அட்டைகளாக இருந்தால் தரவு செல்லும் பாதை இரட்டிப்பாகி, விளையாட்டின் வேகம் கண்கூடாகக் கூடும். மெல்லிய மாடல்கள் பலவற்றில் ரேம் போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும்; பின்னால் கூட்ட முடியாது. கடையில் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

சேமிப்புக்கு 512 ஜிபி எஸ்எஸ்டி போதும். பேட்டரி 60 வாட்-மணி அளவில் இருப்பது நல்லது. விளையாடினால் அதுவும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். மெத்தைமேல் வைத்து ஆடினால் அடிப்பக்கத் துவாரங்கள் அடைபட்டுச் சூடேறி, சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.