இரைச்சலில் எழுதப்பட்ட வருங்காலமும் பதிவாகாத வாவியும்

அமெரிக்காவின் நைன் இன்ச் நெய்ல்ஸ் குழு 2007 ஏப்ரலில் வெளியிட்ட 'இயர் ஸீரோ' என்னும் இசைத்தொகுப்பு, அறிவியல் புனைவை இன்டஸ்ட்ரியல் றொக் இசைக்குள் கொண்டுவந்த முயற்சிகளுள் முன்வரிசையில் வைக்கத்தக்கது. அதன் கதை நிகழும் ஆண்டாகக் குறிக்கப்பட்ட 2022 கடந்துபோன பின்னரும் அதிலுள்ள அச்சம் பழையதாகிவிடவில்லை. மின்கித்தாரும் டிரம்ஸும் தரும் வழக்கமான றொக் இசையோடு, ஆலை இயந்திரத்தின் உறுமல், உலோகங்களின் மோதல், பழுதான மின்சுற்றின் கரகரப்பு ஆகியவற்றைத் தாளமாகவும் சுரமாகவும் கலந்து அமைப்பதே இன்டஸ்ட்ரியல் றொக் எனப்படுவது. பிற இசைவகைகள் வடிகட்டி வெளியேற்றும் இரைச்சலே இங்கே மூலப்பொருள்.

தொகுப்பின் 16 உருப்படிகளும் தொடர்கதைபோல ஒன்றையடுத்து ஒன்று நகர்வதில்லை. கட்டளைக்குப் பணிந்து நின்றபடியே தன் செயலை ஐயுறும் படைவீரன், இறைவன் தன் பக்கமே நிற்கிறான் என உறுதியாக நம்பும் அடியான், மறைந்திருந்து எதிர்ப்பவன் எனப் பலர் தத்தம் குரலில் பேச, அக்குரல்களுக்கு இடையிலுள்ள இடைவெளியிலிருந்து அந்நாட்டின் நிலையைக் கேட்பவரே உய்த்துணர வேண்டியிருக்கிறது. உயிரியல் தாக்குதலிலிருந்து காப்பதாகச் சொல்லிக் குடிநீரில் கலக்கப்படும் மருந்து மக்களைச் சாதுவாக்குகிறது என்பதும், வானிலிருந்து நிலத்தை நோக்கி நீளும் மாபெரும் கையொன்று ஆங்காங்கே தோன்றி மறைகிறது என்பதும் தொகுப்போடு இணைத்து வெளியிடப்பட்ட துணைக்கதைகளில் வரும் செய்திகள். அந்தக் கை தெய்வமா, வேற்றுலகத்தாரா, மருந்தின் மயக்கமா என்பது திறந்தே விடப்பட்டிருக்கிறது. இவற்றையெல்லாம் அறியாதவருக்கும் 'த கிரேட் டிஸ்ட்ரோயர்' என்னும் பாடல் போதுமானது. அதன் பிற்பகுதியில் மெட்டும் சொல்லும் கரைந்து, உடைந்த மின்னொலிகள் மட்டுமே எஞ்ச, அழிவு என்பது சொல்லப்படாமல் நிகழ்த்தியே காட்டப்படுகிறது. அடுத்த உருப்படி பாடகரின் குரலே இல்லாத பியானோ இசையாக அமைந்திருப்பது அந்த அழிவை இன்னும் ஆழமாக உணர்த்துகிறது. நடுவிலுள்ள சில பாடல்களின் தாளக்கட்டு ஒன்றுபோலவே ஒலிப்பது ஒரு குறைதான் என்றாலும், முழுமையை அது குலைத்துவிடவில்லை.

தொகுப்பு வெளியாவதற்கு முன் லிஸ்பன் நகர இசைநிகழ்ச்சியில் பாடலொன்று அடங்கிய யூஎஸ்பி நினைவகம் கழிவறையில் விட்டுவைக்கப்பட்டதும், கருநிறத்திலிருந்த இறுவட்டு, இயங்கிச் சூடேறியதும் வெண்ணிறமாகி 0, 1 என்னும் இலக்கங்களைக் காட்டியதும் அக்காலத்தில் பெரிதும் பேசப்பட்டன. இத்தகைய புதிர்கள் இசையை விளம்பரமாக்கிவிட்டன என்று கருதுவோரும் உண்டு. ஆயினும், குரல், கித்தார், தாளம் ஆகியவற்றைத் தனித்தனித் தடங்களாகப் பிரித்து, கேட்போர் தாமே மீண்டும் கலந்துகொள்ளக் கொடுத்ததே அவ்வெளியீட்டின் நிலைத்த பயன்; இரைச்சலை எப்படி அடுக்கி இசையாக்குவது என்னும் பாடத்தை அது எந்த ஊர் இளைஞருக்கும் திறந்துவிட்டது.

மட்டக்களப்பில் இத்தொகுப்பைக் கேட்பவருக்கு அதன் உலகம் அந்நியமாக இருப்பதற்கில்லை. சோதனைச் சாவடி, ஊரடங்கு, சுற்றிவளைப்பு, இரவில் தாழப் பறக்கும் ஹெலியின் சத்தம் ஆகியவற்றை வருங்காலக் கற்பனையாக அல்ல, வீட்டு நினைவாகவே வைத்திருக்கும் நிலப்பகுதி இது. அந்த நினைவை ஒலியாக எழுதும் முயற்சி இங்கே ஏன் பெரிதாக முளைக்கவில்லை என்ற வினாவுக்கு, இந்த இசைவகை பிறந்த இடங்களை நோக்கினால் ஒரு விடை கிடைக்கிறது. உருக்காலைகளின் நகரான ஷெஃபீல்டில் 1973இல் கபரே வோல்டேர் குழுவும், 1980இல் மேற்கு பெர்லினில், துளையிடும் இயந்திரத்தையும் பழைய இரும்பையும் வாத்தியமாக்கிய ஐன்ஸ்ட்யூர்ட்சென்டே நொய்பாவுட்டன் குழுவும் தோன்றின. 1984-85 நிலக்கரிச் சுரங்க வேலைநிறுத்தத்தின்போது டெஸ்ட் டிபார்ட்மென்ட் என்னும் பிரித்தானியக் குழு, தென்வேல்ஸ் சுரங்கத் தொழிலாளரின் பாடகர் குழுவோடு இணைந்து ஒரு தொகுப்பையே வெளியிட்டது. இவர்கள் எல்லோரும் முதலில் தம் ஊரின் ஓசையைச் செவிமடுத்தார்கள். பின்னரே கருவியைத் தொட்டார்கள்.

தமிழில் அறிவியல் புனைவும் இசையும் பெரும்பாலும் திரைப்படத்தின் வழியாகவே சந்தித்திருக்கின்றன. 1986இல் வெளிவந்த 'விக்ரம்' படத்தின் தலைப்புப் பாடலில் இளையராஜாவும், 2010இல் 'எந்திரன்' படத்தில் ஏ. ஆர். ரகுமானும் மின்னிசையின் உலோகத் தன்மையைத் துணிவோடு கையாண்டார்கள். எனினும் கதைநாயகனின் புகழும் காதலுமே அப்பாடல்களின் எல்லையை வகுத்துவிட்டன. இலங்கையில் 1956 முதல் வாழ்ந்த ஆதர் சி. கிளார்க் எழுதிய நாவலொன்றைத் தழுவி மைக் ஓல்ட்ஃபீல்ட் 1994இல் 'த சோங்ஸ் ஒஃப் டிஸ்டன்ட் ஏர்த்' என்னும் தொகுப்பை வெளியிட்டார் என்பதும் இவ்விடத்தில் குறிக்கத்தக்கது. ஆயினும் அது இரைச்சலற்ற அமைதியான இசை.

வருங்கால இசைக்கு வேண்டிய மூலப்பொருளில் மட்டக்களப்பு வாவிக்கரை வறியதன்று. கொத்துரொட்டி போடுபவரின் இரு தகடுகள் இரும்புக் கல்லில் எழுப்பும் தாளம், மருதமுனைத் தறிகளின் ஓட்டம், அரிசி ஆலைகளின் அதிர்வு, நெடுங்காலம் மௌனித்துக் கிடந்த வாழைச்சேனைக் காகித ஆலை, பிரித்தானியர் காலத்துக் கல்லடி இரும்புப் பாலம் என ஒரு முழுத் தொகுப்புக்கான ஒலிகள் இங்கே உண்டு. இவை அனைத்தினும் அரியது நீருக்கடியில் இருக்கிறது. 1848 செப்டெம்பரில் இங்கு வந்த பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்ட், இரவில் தோணியில் சென்று வாவியின் ஒலியைக் கேட்டு, அது தொடர்ந்த ஒற்றைச் சுரமாக இல்லாமல், தெளிவான பல நுண்ணொலிகளின் கூட்டமாக இருந்ததென்றும், தோணியின் மரத்தில் காதை வைத்தபோது வலுத்துக் கேட்டதென்றும் 1859இல் வெளியான தம் நூலில் எழுதினார். ஒலி எழுப்புவது மீனா, ஊரி என்னும் நத்தையா என்னும் வாதம் அன்று தொட்டு ஓயவில்லை.

துடுப்பின் ஒரு நுனியை நீரில் இறக்கி மறுநுனியில் காதை வைத்துக் கேட்கும் மீனவர் வழக்கம் ஒலியியலில் உறுதியான அடிப்படை உடையது. நீரிலிருந்து காற்றுக்குள் நுழைய முயலும் ஒலியாற்றலில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கே கடந்துவர, எஞ்சியது நீர்ப்பரப்பில் பட்டு நீருக்குள்ளேயே திரும்பிவிடுகிறது. துடுப்பின் மரமோ நீரின் அதிர்வை நேரே ஏற்றுக் காதெலும்புக்குக் கடத்துகிறது. பொருளின் மேற்பரப்பில் ஒட்டி அதன் அதிர்வை மட்டும் கவரும் தொடு ஒலிவாங்கி என்னும் கருவியும் இதே முறையில்தான் இயங்குகிறது. இரும்புத் தகட்டையும் கம்பிச்சுருளையும் இன்டஸ்ட்ரியல் கலைஞர்கள் சிலர் வாத்தியமாக்கியது அந்தக் கருவியின் துணையோடுதான். அவர்கள் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மின்கருவியால் அடைந்ததை வாவியின் தோணிக்காரர் அதற்கு நெடுநாள் முன்பே ஒரு துடுப்பால் அடைந்திருந்தனர் என்பது இப்பகுதி பெருமை கொள்ளவேண்டிய செய்தி.

அந்தச் செல்வம் முறையாகப் பதிவாகாமலே போய்விடுமோ என்பதே இங்கு எழும் பெருங்கவலை. 1950களில் அமெரிக்க இயேசுசபைத் துறவி ஒருவர் இவ்வொலியைப் பதிவுசெய்தார் என்பது ஊரறிந்த செய்தி. அதன் பின்னர் வந்த போர்க்காலத்தில் இரவில் வாவிக்குள் இறங்குவதே உயிராபத்தாகிவிட, நிறைமதி இரவில் துடுப்போடு கேட்கும் பழக்கத்தை அறியாமலே ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. போர் ஓய்ந்தபின் 2013இல் பழைய கல்லடிப் பாலத்தருகே அகலமான புதிய பாலம் திறக்கப்பட்டு, போக்குவரத்தும் எஞ்சின் பூட்டிய படகுகளும் பெருகியிருக்கின்றன. மீன்கள் எழுப்பும் ஒலிகளில் பெரும்பாலானவை 1000 ஹேர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்டவை. படகு எஞ்சினின் ஆற்றலிலும் பெரும்பகுதி அதே எல்லைக்குள் விழுவதால், வலிய ஒலி மெலிய ஒலியைக் கேட்கவிடாமல் செய்யும் மறைப்பு என்னும் விளைவு அங்கே நேர்கிறது. மேம்பாடு வேண்டாம் என்று எவரும் சொல்லவில்லை. மீனவருக்கு எஞ்சின் வேண்டும், ஊருக்குப் பாலம் வேண்டும். ஆயினும், 50 கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கும் இந்நீர்ப்பரப்பின் ஒலி, போதிய அளவில் பாதுகாத்து வைக்கப்படாத நிலையில், எஞ்சினுக்கு அடியில் புதைந்துபோவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. நீர்புகாதபடி மூடிய நீரடி ஒலிவாங்கி ஒன்றும், சிறிய பதிவுக்கருவியும், வாவியை அறிந்த தோணிக்காரர் ஒருவரும் இருந்தால், ஒலி மிகுதியாகக் கேட்கும் ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரையிலான நிறைமதி இரவுகளில் கல்லடிப் பாலத்தின் கீழும், முகத்துவாரத்திலும், தெற்கே கல்முனை வரையுள்ள அமைதியான நீர்ப்பகுதிகளிலும் பதிவுசெய்ய இயலும். இசை கற்கும் மாணவர்களும் விலங்கியல் கற்கும் மாணவர்களும் ஒரே தோணியில் செல்வது இப்பணிக்கு மிகவும் பொருத்தமானது. எஞ்சினின் ஒலியையும் அதே பதிவில் விட்டுவைத்து, இடமும் நாளும் நேரமும் குறித்து, தனித்தனித் தடங்களாகக் கல்லூரி நூலகங்களில் எல்லோரும் எடுத்தாளும்படி வைக்க வேண்டும். வாவிக்கரையிலிருந்து ஓர் 'இயர் ஸீரோ' எழவேண்டுமானால் அதை ஆக்குபவர் முதலில் தேடிச் செல்லவேண்டிய இடம் அந்த அலமாரிதான்.