பூட்ஸ் போட்டு கோர்ட்டுக்குப் போன வக்கீல்



புதுச்சேரி டவுனில் லப்போர்த் வீதி என்று ஒரு தெரு இருக்கிறது. யாரோ வெள்ளைக்காரத் துரை பெயர் என்றுதான் நினைக்கத் தோன்றும். இல்லைங்க, அவர் நம்ம தமிழர். பெயர் பொன்னுத்தம்பி பிள்ளை. பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் வக்கீலாக இருந்தவர்.

என்ன நடந்தது?

1873-ஆம் ஆண்டு. பொன்னுத்தம்பி பிள்ளை ஐரோப்பியர் மாதிரி பூட்ஸும் காலுறையும் போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குள் போனார். நீதிபதி ஒத்துக்கொள்ளவில்லை. வெள்ளைக்கார வக்கீல் பூட்ஸோடு நிற்கலாம், அதே படிப்புப் படித்த தமிழ் வக்கீல் நிற்கக் கூடாதாம்!

கோயிலிலும் வீட்டிலும் நாம் செருப்பை வாசலில் விடுகிறோம். அது மரியாதை, எல்லோருக்கும் ஒன்றுதான். ஒருத்தர் போட்டிருக்க, இன்னொருத்தர் மட்டும் கழற்றணும் என்றால் அது மரியாதை இல்லை, அவமானம்.

பொன்னுத்தம்பி பிள்ளை "நமக்கேன் வம்பு" என்று ஒதுங்கவில்லை. கடல் தாண்டி பாரிசில் இருந்த மேல் நீதிமன்றம் வரை வழக்கைக் கொண்டு போனார். தீர்ப்பு அவர் பக்கம் வந்தது.

பெயர் மாறியது எப்படி?

1881-இல் பிரெஞ்சு அரசு ஒரு ஆணை போட்டது. கல்யாணம், வாரிசு போன்ற விஷயங்களில் சாதி, மத வழக்கத்தை விட்டுவிட்டு பிரெஞ்சு சட்டத்தை ஏற்க விரும்புபவர் எழுதிக் கொடுக்கலாம். புதுக் குடும்பப் பெயரும் வைத்துக்கொள்ளலாம். இதில் முன் நின்றவர் பொன்னுத்தம்பி பிள்ளை. அவர் எடுத்துக்கொண்ட பெயர் லப்போர்த். பிரெஞ்சில் அதற்குக் 'கதவு' என்று அர்த்தம். இன்றும் புதுச்சேரியில் பிரெஞ்சுப் பெயர் உள்ள தமிழ்க் குடும்பங்கள் பல இந்த வழியில் வந்தவைதான்.

பழைய வழக்கம் மாறக் கூடாது என்றவர்களின் எதிர்ப்பு பலமாக இருந்தது. பாரிஸ் நாடாளுமன்றத்துக்கு இங்கிருந்தும் ஆள் அனுப்பிய காலம் அது. தேர்தலிலும் இரண்டு தரப்பும் மோதின. நம்ம வில்லியனூர், பாகூர் கொம்யூன்கள் உருவானதும் அந்தக் காலத்தில்தான், 1880-இல்.

ஆனால் அந்த ஓட்டுப் பட்டியலில் பெண்கள் பெயர் ஒன்றுகூட இல்லை. பிரெஞ்சு சட்டம் பெண்களுக்கு ஓட்டுரிமை கொடுத்ததே 1944-இல்தான். அவர் திறந்த கதவு நமக்குத் திறக்க இன்னும் அறுபது வருஷத்துக்கு மேல் ஆனது.

நமக்கு என்ன பாடம்?

வழக்கம் வேறு, சட்டம் வேறு. வங்கியிலோ அலுவலகத்திலோ "பொம்பளைங்க வெளிய நில்லுங்க, வீட்டுக்காரர வரச் சொல்லுங்க" என்றால், உடனே திரும்பி வந்துவிட வேண்டாம். எந்த விதி அப்படிச் சொல்கிறது என்று பொறுமையாகக் கேளுங்கள். கோரிக்கையை எழுத்தில் கொடுங்கள், ஒப்புகை வாங்குங்கள். பதில் வராவிட்டால் மேலதிகாரிக்கு எழுதுங்கள்.

அவர் படித்த வக்கீல், நமக்கு யார் இருக்கா என்கிறீர்களா? 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்கள் யாராக இருந்தாலும், வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவசமாக வக்கீல் உதவி கேட்கலாம். நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைய அலுவலகத்துக்குப் போகலாம். 15100 என்ற எண்ணுக்கும் போன் செய்யலாம்.

குழுக் கூட்டத்தில் பேச: நம்ம ஊரில் "அது அப்படித்தான்" என்று நாம் இன்னும் வாசலிலேயே நிற்கும் இடம் எது? பேசி முடிவானதைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள். சேர்ந்தே போய்க் கேட்போம்!