படம் பிடிக்கிறார்கள், பயர்மேனைக் காணோம்!

படம் எடுக்கிறார்கள், தோழர்களே, நீலகிரி மலை ரயிலைப் படம் எடுக்கிறார்கள்! கல்லாற்றில் காமிரா, குன்னூரில் காமிரா, கேத்தியில் காமிரா. புகை வந்தால் ஒரு படம். கூவினால் ஒரு படம். பனிமூட்டத்தில் வளைந்து வந்தாலோ பத்துப் படம்! எல்லாப் படத்திலும் எஞ்சின் இருக்கிறது, மலை இருக்கிறது, ஜன்னலில் கையசைக்கும் பயணிகள் இருக்கிறார்கள். நெருப்புக்கும் பள்ளத்துக்கும் நடுவே எஞ்சினில் நிற்கிறாரே ஒருவர், அவர் எங்கே? கறுப்பாக ஒரு நிழல், அவ்வளவுதான்.

சினிமாக்காரர்கள் மீது வழக்கில்லை. 1982இல் ‘மூன்றாம் பிறை’யின் இறுதிக் காட்சியைக் கேத்தி நிலையத்தில் எடுத்தார்கள். 1998இல் ‘உயிரே’ படத்துக்காக ரயில் கூரைமேல் ஏறி ஆடினார்கள். கதை சொல்வது அவர்கள் தொழில். ஆனால் ‘உண்மையைப் பதிவு செய்கிறோம், ஆவணப்படம் எடுக்கிறோம்’ என்று வருகிறவர்களும் அதே பனிமூட்டத்தை மட்டும் சுருட்டிக்கொண்டு போகலாமா?

விதிவிலக்கு உண்டு, மறைக்கக் கூடாது. 2010இல் பி.பி.சி. இந்திய மலை ரயில்களைப் பற்றி மூன்று பாகமாகப் படம் எடுத்து ஒளிபரப்பியது. அதில் ஒரு பாகம் நம் நீலகிரி ரயில். அங்கே தொழிலாளியின் முகம் தெரிந்தது, வீடு தெரிந்தது. நல்லதுதான். ஆனால் மேட்டுப்பாளையத்துப் பெரியவரின் கதையைக் கேட்க லண்டனிலிருந்துதான் ஆள் வரவேண்டுமா? காரமடைக்காரனுக்குக் காது இல்லையா?

2005இல் யுனெஸ்கோ இந்தப் பாதையை உலகப் பாரம்பரியம் என்று அறிவித்தது. எது பாரம்பரியம்? 1899இல் குன்னூர் வரையும், 1908இல் ஊட்டி வரையும் போட்ட இரும்பா? 46 கிலோமீட்டரில் 208 வளைவு, 250 பாலம், 16 சுரங்கம் என்ற கணக்கா? கணக்கு பலகையிலேயே எழுதியிருக்கிறது. பலகையில் எழுதாதது ஒன்று உண்டு: கைப்பழக்கம்.

கல்லாற்றுக்கு அப்பால் பாதை ஏறக்குறையப் பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி உயர்கிறது. வெறும் சக்கரம் வழுக்கும். ஆகவே இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புச் சட்டம். அதைக் கவ்வி ஏற எஞ்சினுக்கு அடியில் பல்சக்கரம். அதைச் சுழற்றத் தனி சிலிண்டர்கள். சமவெளியிலிருந்து வரும் எஞ்சின் அந்தப் பல்லைக் கவ்வும் இடத்தில் எவ்வளவு மெதுவாக நுழையவேண்டும், கவ்வியதைக் கால் எப்படி உணரும் என்று எந்தப் பலகை சொல்லும்? சரிவில் பாய்லருக்குள் தண்ணீரும் சாய்ந்துதானே நிற்கும்? மட்டம் காட்டும் கண்ணாடியைப் பார்த்து உண்மையான மட்டத்தை மனத்தில் கணக்கிட்டது யார்? சுரங்கத்துக்குள் புகை சூழ்ந்தபோது மூச்சை எப்படி அடக்கினார்கள்? ஈரத் துணியா, வெறும் துண்டா?

இன்னொன்று கேளுங்கள். மலையேறும்போது எஞ்சின் முன்னால் இழுப்பதில்லை, பின்னாலிருந்து தள்ளுகிறது. எதிரே பாறை விழுந்திருந்தாலும் டிரைவர் கண்ணுக்குத் தெரியாது! பெட்டிகளின் முன்மேடையில் பிரேக்ஸ்மேன்கள். முதல் பெட்டிக்காரர் பாதையைப் பார்த்துக் கொடி காட்டவேண்டும். பின்னால் இருப்பவர் அதை நம்பித் தள்ளவேண்டும். மழையில், பனியில், ஆண்டுக்கணக்காக! இவருடைய கண்ணை அவர் நம்பி, அவருடைய கையை இவர் நம்பி நடந்த தொழில் இது. பயணி ‘என்ன அழகு!’ என்று சொன்ன அதே வளைவில் இவர்கள் மண்சரிவைத் தேடிக்கொண்டிருந்தார்கள். காமிரா எந்த வளைவைக் காட்டப் போகிறது?

காலம் காத்திருக்காது. நிலக்கரி அள்ளிய எஞ்சின்கள் பலவற்றை இந்த நூற்றாண்டில் எண்ணெய்க்கு மாற்றிவிட்டார்கள். 2011 முதல் பொன்மலைப் பணிமனை புதிய நீராவி எஞ்சின்களையே செய்து அனுப்பியது. மார்தட்டிச் சொல்வோம், அது நம் தொழிலாளியின் திறமை! எஞ்சினைப் புதிதாகச் செய்யலாம். பழைய பயர்மேனைச் செய்ய முடியுமா?

அந்தப் பொன்மலையிலேதான் 1946 செப்டம்பர் 5ஆம் நாள் துப்பாக்கி வெடித்தது. ஐந்து தொழிலாளர்கள் மாண்டார்கள். அன்று இருபது வயதில் அதைக் கண்டவர் இன்று இருந்தால் நூறு வயதை ஒட்டியிருப்பார். அவரிடம் கேட்கும் வாய்ப்பு கைநழுவிப் போயிற்று என்றே வைத்துக்கொள்ளுங்கள். 1973இல் எஞ்சின் ஓட்டும் தொழிலாளர்கள் நின்று போராடிப் பத்து மணி நேர வேலை என்ற வாக்குறுதியைப் பெற்றார்கள். 1974 மே 8 முதல் 27 வரை நாடெங்கும் ரயில்வே வேலைநிறுத்தம். அன்று இருபது வயது இளைஞர் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார். பேசுகிறார், நினைவும் இருக்கிறது. இன்னும் எத்தனை நாள்?

ஆகவே காமிரா வைத்திருக்கும் தம்பிகளே, கைபேசி இருந்தாலும் போதும், போங்கள்! போகும்போது சிலவற்றை விட்டுவிட்டுப் போங்கள். புல்லாங்குழல் இசையை விட்டுவிடுங்கள்; எஞ்சினுக்கே குரல் இருக்கிறது. எழுதிவைத்த வசனத்தை விட்டுவிடுங்கள். ‘அந்தக் காலம் பொற்காலம்தானே ஐயா?’ என்று பதிலை வாயில் ஊட்டாதீர்கள். காது மந்தமானால் ஏன் மந்தமாயிற்று என்று கேளுங்கள். நாற்காலியில் உட்காரவைத்துப் பின்னால் மாலை போட்ட படத்தை வைக்காதீர்கள்; கையில் கரி அள்ளும் மண்வெட்டியைக் கொடுங்கள். வாய் மறந்ததைத் தோள் சொல்லும். 1936இல் இங்கிலாந்தில் ‘நைட் மெயில்’ என்றொரு படம் எடுத்தார்கள், ஓடும் அஞ்சல் ரயிலைப் பற்றி. கடிதம் பிரிக்கும் பெட்டி அசையாத செட். ஆனால் உள்ளே நின்றவர்கள் அசல் அஞ்சல் ஊழியர்கள்! ரயில் ஆடுவதுபோல் உடம்பை ஆட்டச் சொன்னார்கள். ஆட்டம் நடிப்பு, கடிதம் பிரித்த கை நடிப்பல்ல.

பேசியவருக்கு அன்றைய கூலியாவது கொடுங்கள். தேயிலைப் பொட்டலமும் சால்வையும் கூலியாகா!

வீட்டுக்காரம்மாவை மறக்காதீர்கள். நள்ளிரவில் டூட்டிக்கு அழைக்க ஆள் வந்து கதவைத் தட்டியபோது முதலில் எழுந்தவர் அவர்தான். கரிபடிந்த காக்கியைத் துவைத்தவர் அவர்தான். 1974 மே மாதம் ரயில்வே குடியிருப்புகளிலிருந்து குடும்பங்களை வெளியேற்றினார்களே, அப்போது பாத்திரத்தை எங்கே கொண்டுபோய் வைத்தார், யார் வீட்டில் சோறு பொங்கினார், கைது செய்ய வந்தவர்களிடம் என்ன சொல்லிச் சமாளித்தார்? பெரியவர் தயங்குகிற இடத்தில் அந்த அம்மா கதையைத் தொடங்குவார். காமிராவை அந்தப் பக்கம் திருப்புங்கள்.