பளு வண்டியின் வில்லும் சங்கத்தின் பணமும்

தறியில் நெய்த துணியும் வயலில் விளைந்த பண்டமும் சந்தையைச் சென்று சேர்ந்தால்தான் உழைத்தவனுக்கு அதன் பயன் கிட்டும். முற்காலத்தில் இப்பணியைக் கட்டை வண்டி செய்தது. இன்று பிக்கப் எனப்படும் சிறு பளு வண்டி அதனைச் செய்கின்றது. பள்ளிப்பட்டு, பொதட்டூர்ப்பேட்டைப் பகுதிகளின் துணிக்கட்டுகளும், பொன்னேரி வட்டத்து நெல்லும், ஊத்துக்கோட்டைப் பக்கத்துக் காய்கறியும் பெரும்பாலும் இவ்வண்டிகளிலேயே ஏறிச் செல்கின்றன.

திருவள்ளூர் மாவட்டத்திற்கு இவ்வண்டி புதிதன்று. 2013-ஆம் ஆண்டு செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, திருவள்ளூரில் இருந்த இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் ஐசுசு நிறுவனத்தின் பிக்கப் வண்டிகள் சில காலம் பூட்டப்பெற்றன. 2016-இல் அந்நிறுவனம் கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே, ஆந்திர எல்லைக்குள் உள்ள ஸ்ரீசிட்டியில் தன் சொந்த ஆலையைத் திறந்தது. டாடா ஏஸ் 2005-இலும், அசோக் லேலண்டு தோஸ்த் 2011-இலும் விற்பனைக்கு வந்தன. அவற்றின் பின்னர் இவ்வகை வண்டிகள் சிற்றூர்தோறும் பரவின.

சங்கங்களின் கணக்கேடுகளைப் பார்வையிடும் நாம், வண்டிப் பராமரிப்புச் செலவில் ஓர் இனம் மீண்டும் மீண்டும் வருவதைக் காண்கின்றோம். பட்டா மாற்றிய செலவு, பட்டா கூட்டிய செலவு, புஷ் மாற்றிய செலவு என்பனவே அவை. இச்செலவில் பெரும்பகுதி தவிர்க்கத்தக்கது. அதற்கு முதலில் வண்டியின் வில் எவ்வாறு வேலை செய்கின்றது என்பதை அங்கத்தினர் அறிதல் வேண்டும்.

வில்லின் இயல்பு

நம் முன்னோர் வில்வண்டி என்று ஒன்றை வைத்திருந்தனர். கட்டை வண்டியில் ஏறினால் எலும்பு குலுங்கும். வில்வண்டியில் குலுக்கம் குறையும். இங்கிலாந்தில் ஒபதையா எலியட் என்பவர் 1804-ஆம் ஆண்டு குதிரை வண்டிக்கு இத்தகைய எஃகு வில்லைப் பொருத்தக் காப்புரிமை பெற்றார். இன்றைய பிக்கப்பின் பின்புறத்தில் இருப்பதும் அதே குடும்பத்தைச் சேர்ந்த வில்தான். பட்டறைக்காரர் இதனைக் கமான் பட்டா என்பர். நீளத்தில் படிப்படியாகக் குறையும் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவே சென்டர் போல்ட்டால் கோத்து, யு போல்ட்டுகளால் அச்சோடு இறுக்கியிருப்பர். மெயின் பட்டாவின் இரு முனைகளிலும் உள்ள கண்களில் புஷ் இருக்கும். ஒரு முனை ஷேக்கிள் என்னும் ஊசல் துண்டில் தொங்கும். பளு ஏறும்போது வில் நிமிர்ந்து நீள்வதற்கு அது இடம் தருகின்றது.

பட்டையின் கனத்திற்கும் விறைப்பிற்கும் உள்ள உறவு கவனிக்கத்தக்கது. கனம் சிறிது கூடினாலும் விறைப்பு மும்மடிப் பெருக்கமாக ஏறும். ஏழு மில்லிமீட்டர் பட்டைக்குப் பதிலாக அதே அகலமும் நீளமும் உள்ள எட்டு மில்லிமீட்டர் பட்டையை வைத்தால், அப்பட்டையின் விறைப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிவிடும். ஆகவே கண்ணளவால் பட்டை தேர்தல் பிழையாகும்.

உயரம் கூறும் செய்தி

வண்டியின் நிலையுயரம் அதன் உடல்நிலையைக் காட்டும் நாடி போன்றது. வண்டியைப் பளுவின்றிச் சமதரையில் நிறுத்தி, டயர்களில் காற்றைச் சரிபார்த்து, சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து நேர்மேலே மட்கார்டின் விளிம்பு வரை அளக்க வேண்டும். வண்டி புதிதாக இருக்கும்போதே நான்கு சக்கரங்களுக்கும் இவ்வளவைக் குறித்து வைத்தல் நலம். பிற்காலத்தில் பின்புறம் தாழ்ந்தால் வில் தளர்ந்துவிட்டது என்று பொருள். ஒரு பக்கம் மட்டும் தாழ்ந்தால், பட்டை முறிந்ததோ, புஷ் தேய்ந்ததோ, பளுவை எப்போதும் ஒரே பக்கம் அடுக்கும் வழக்கமோ காரணமாகலாம். பின்புறம் தாழ்ந்த வண்டியின் முகப்பு விளக்கு மேல்நோக்கி, எதிரே வருவோரின் கண்ணைக் கூசச் செய்யும் என்பதும் நினைவிருக்க வேண்டும்.

பட்டா கூட்டுவதன் தீமை

வில் தாழ்ந்ததும் ஒன்றிரண்டு பட்டைகளைக் கூட்டிவிடுவது பலருடைய வழக்கம். வண்டி உயர்ந்து நிற்பதைக் கண்டு, அதன் தாங்குதிறனும் உயர்ந்ததாக எண்ணிவிடுகின்றனர். அச்சும் பிரேக்கும் டயரும் சட்டமும் பழையனவாகவே இருக்கின்றன. வில் மட்டுமே விறைத்தது. பளுவின்றித் திரும்பும்போது வண்டி துள்ளும். பளு குறைவாக உள்ள நாளில் தக்காளியும் பூவும் அடிபடும். மேலும், சில வண்டிகளில் பின்புற உயரத்தைக் கொண்டே பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று உண்டு. பட்டா கூட்டி உயர்த்திய வண்டியில், பளு இருந்தும் இல்லாதது போல் அவ்வால்வு பின் பிரேக்கின் அழுத்தத்தைக் குறைத்துவிடும். இதில் உயிருக்கே ஆபத்து உண்டு.

கணக்கையும் பார்ப்போம். ஒரு வண்டி 1,250 கிலோ ஏற்றத்தக்கது எனக் கொள்வோம். நெல் கொள்முதல் நிலையத்து மூட்டை 40 கிலோ. 31 மூட்டைகள் 1,240 கிலோ ஆகின்றன. ஆட்களின் எடையைத் தனியே விட்டாலும் அதற்குமேல் இடமில்லை. 45 மூட்டைகள் ஏற்றினால் 1,800 கிலோ. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் செய்த திருத்தத்தின்படி, மிகைப்பளுவுக்கு அபராதம் 20,000 ரூபாய். கூடுதல் டன் ஒன்றுக்கு 2,000 ரூபாய் அதனோடு சேரும். மிகைப்பளுவையும் அங்கேயே இறக்க வேண்டும். பதினான்கு மூட்டைகளின் வாடகை இதற்கு ஈடாகுமா என்பதை அங்கத்தினரே சிந்திக்கட்டும்.

சாலைக்கும் இதனால் கேடு உண்டு. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை நடந்த பெருஞ்சோதனையிலிருந்து, அச்சின்மேல் விழும் பளுவின் நான்காம் மடிப் பெருக்கத்தையொட்டிச் சாலையின் சேதம் ஏறுகின்றது என்னும் விதி பெறப்பட்டது. பளு ஒன்றரை மடங்கானால் சேதம் சுமார் ஐந்து மடங்காகும். நம் ஊர்ச் சாலையும் நம் பொதுச்சொத்தே அன்றோ?

உதிரி பாகங்கள்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் உருக்கு ஆலைகள் பல உள்ளமையால், இரும்பு கைக்கெட்டும் தூரத்தில் கிடைப்பது உண்மையே. ஆயினும் கட்டடக் கம்பிக்குரிய எஃகு வேறு, வில்லுக்குரிய எஃகு வேறு. பின்னதில் சிலிக்கான், மாங்கனீசு அல்லது குரோமியம் போன்றவை அளவோடு கலந்திருக்கும். காய்ச்சி, எண்ணெயில் தோய்த்து, மீண்டும் மிதமாகச் சூடாக்கிப் பதப்படுத்தியிருப்பர். தளர்ந்த பட்டையை உலையில் பழுக்கக் காய்ச்சி வளைத்தால் அப்பதம் கெட்டுவிடும்; சில நாள் நிமிர்ந்து நின்று, பின் மீண்டும் தாழும் அல்லது முறியும். நடுவில் கனத்தும் முனைகளில் மெலிந்தும் உள்ள பரவளைவுப் பட்டைகளோடு சாதாரணப் பட்டையைச் சேர்த்தலும் ஆகாது.

ஒரு பக்கத்து வில்லை மாற்றும்போது மறுபக்கத்தையும் மாற்றுதல் முறை. யு போல்ட்டும் சென்டர் போல்ட்டும் புதியனவாக இருக்க வேண்டும். யு போல்ட்டை உற்பத்தியாளர் குறித்த அளவுக்கு இறுக்கி, சில நாள் ஓடியபின் மீண்டும் சோதிக்க வேண்டும். தளர்ந்த யு போல்ட்டே பல பட்டைகள் நடுவில் முறிவதற்குக் காரணம். ஷாக் அப்சார்பர் பளுவைத் தாங்குவதன்று, துள்ளலை அடக்குவது. தாழ்ந்த வண்டிக்கு அதை மட்டும் மாற்றினால் பயனில்லை.

சங்கங்கள் செய்யத்தக்கவை

1904-ஆம் ஆண்டு திருவல்லிக்கேணியில் தோன்றிய கூட்டுறவுச் சங்கம், பலர் சேர்ந்து வாங்கினால் நல்ல சரக்கு நியாய விலைக்குக் கிடைக்கும் என்பதை நாட்டுக்குக் காட்டியது. உதிரி பாகத்திற்கும் அவ்வழி பொருந்தும். அண்டைச் சங்கங்கள் ஒன்றுகூடி, ஒரே வகை வண்டிகளுக்குரிய புஷ், யு போல்ட், பட்டா ஆகியவற்றை ரசீதுடன் மொத்தமாக வாங்கி இருப்பில் வைக்கலாம். வண்டி ஒவ்வொன்றிற்கும் ஓர் ஏடு வைத்து, மாதந்தோறும் நிலையுயரத்தையும், நடைதோறும் ஏற்றிய எடையையும் பதியலாம். நிர்வாகக் குழு அவ்வேட்டைப் பார்த்துக் கையொப்பமிடட்டும். பட்டா கூட்டும் செலவுக்கு அனுமதி கேட்டு வரும்போது, ஏற்றிய எடை எவ்வளவு என்று முதலில் கேட்கட்டும்.

வண்டியின் வில் தாங்கும் அளவுக்கு மட்டும் ஏற்றி, இன்னொரு நடை செல்வது நட்டமெனத் தோன்றலாம். ஆண்டிறுதியில் கணக்கை முடித்துப் பார்க்கும் சங்கத்திற்கு அது ஆதாயமாகவே தெரியும்.